பழைய காருக்குள் தண்ணீர்: வழியைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

நான் கார் வயரிங் வேலை செய்பவன். கதவுப் பூட்டு தானாகத் திறந்து மூடுகிறது, பின்விளக்கு நினைத்தால் எரிகிறது, ஏர்பேக் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று பழைய கார்கள் வரும். வயரைத் தேடுவதற்கு முன் நான் முன்சீட்டுக்குக் கீழே கார்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பல கார்களில் விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறும். அங்கேயே கிடக்கும் கனெக்டரைத் திறந்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். கனெக்டரை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் தண்ணீர் வரும் வழியைப் பார்க்காமல் மாற்றினால் அடுத்த மழைக்கு அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

உள்ளே ஈரம் என்றதும் எல்லோரும் முதலில் சிலிகான் டியூபைத்தான் எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். காரின் வெளித்தகடு தண்ணீரே புகாதபடி செய்யப்பட்டது இல்லை. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக ஒவ்வொரு மழையிலும் கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் முன்கண்ணாடித் தண்ணீர் முழுக்க இறங்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் சட்டத்திலும் தண்ணீர் சேரும். இந்த மூன்று இடத்திலும் தண்ணீரை வெளியே விடத் துளையோ குழாயோ வைத்திருக்கிறார்கள். வருடங்கள் போகப் போக அந்த வழிதான் முதலில் அடைபடுகிறது. அதனால் தண்ணீர் நுழையும் ஓட்டையைத் தேடுவதற்கு முன், தண்ணீர் வெளியேறும் ஓட்டை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் அதையே சிலிகானால் அடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எந்தத் தண்ணீர்?

ஈரமான இடத்தில் ஒரு வெள்ளைத் துணியையோ டிஷ்யூவையோ அழுத்தி எடுங்கள். நிறமும் வாசனையும் இல்லாமல் இருந்தால் மழைத் தண்ணீர், அல்லது ஏசி தண்ணீர். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறம் இருந்து, விரலில் பிசுபிசுத்து, இனிப்பான வாசனை வந்தால் அது கூலன்ட். டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்காக ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. அதுவோ அதற்குப் போகும் குழாயோ ஒழுகுகிறது. ஹீட்டர் போட்டால் முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய் பூசியதுபோல மங்குவதும், கூலன்ட் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும் இதோடு சேர்ந்து வரும். வாசனை பார்த்தால் போதும், நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தக் கார்பெட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஹீட்டர் ரேடியேட்டரை மாற்ற, பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஏசி தண்ணீரைக் கண்டுபிடிப்பது எளிது. மழையே இல்லாத நாளில், ஏசி ஓடிய பிறகு மட்டும், பெரும்பாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால் வைக்கும் இடம் நனையும். கூலிங் காயிலில் காற்றின் ஈரம் நீராகிச் சொட்டும். அது ஒரு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் விழ வேண்டும். புழுக்கமான நாளில் ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது நல்ல அறிகுறி. ஏசி நன்றாகக் குளிர்ந்தும் கீழே ஒன்றும் விழவில்லை என்றால் அந்தக் குழாயில் தூசி அடைத்திருக்கிறது. வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, அடியிலிருந்து குழாயின் வாயைக் கண்டுபிடித்து, வளையக்கூடிய நைலான் கம்பியை மெதுவாக விட்டு ஆட்டினால் சேற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரும். முகத்தை நேர் கீழே வைக்காதீர்கள். கூரான கம்பி வேண்டாம், கூலிங் காயில் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த இரண்டும் இல்லையென்றால் மழைத் தண்ணீர். எப்போது நனைகிறது என்று கவனித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேலை பாதி குறையும். நிறுத்தி வைத்திருக்கும்போதே நனைந்தால் மேலிருந்து வருகிறது: கண்ணாடி, கூரை, வைப்பர் பள்ளம், கதவு. ஈரச் சாலையில் ஓட்டினால் மட்டும் நனைந்தால் கீழிருந்து வருகிறது: தரைத் தகட்டில் உள்ள ரப்பர் அடைப்பான்கள், சக்கர வளைவின் இணைப்புகள். பிரேக் போடும்போதோ திரும்பும்போதோ சளக் சளக் என்று சத்தம் கேட்டால், ஒரு கதவுக்குள்ளோ கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டுக்குள்ளோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. முன்பக்கம் தாழ்ந்த சரிவில் நிறுத்தினால் ஓர் இடமும், பின்பக்கம் தாழ்ந்தால் வேறு இடமும் நனையலாம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்பெட்டைத் தூக்காமல் ஒன்றும் தெரியாது

மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் சணலோ ஸ்பாஞ்சோ வைத்த தடித்த மெத்தை ஒன்று இருக்கிறது, அது லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வெயிலில் கதவைத் திறந்துவைத்து அது காயும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சீட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு விஷயம், இது என் தொழில் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பல கார்களில் முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருக்கும். அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இழுப்பானுக்கு உரியது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, அதன் பிறகு மட்டும் அதைத் தொடுங்கள். அதில் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் எதையும் வைக்காதீர்கள். அது கழன்றிருக்கும்போது பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பினால் ஏர்பேக் கோளாறு பதிவாகி விளக்கு எரிந்தே நிற்கும், அதை அழிக்கக் கோளாறு படிக்கும் ஸ்கேனர் கருவி தேவைப்படும்.

சீட்டும் கதவு ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டைகளும் கழன்றதும் கார்பெட்டைச் சுருட்டித் தூக்கலாம். முடிந்தால் முழுசாக வெளியே எடுத்து, அலசி, செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் கார்பெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்துத் தூக்கி நிறுத்தி, அந்த இடைவெளிக்குள் டேபிள் ஃபேனை ஓடவிடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். மெத்தையே பொடிந்துபோய் நாறினால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் சரி.

தகடு தெரிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் ஓடிய தடம் அழுக்குக் கோடாகத் தெரியும், துரு அந்தக் கோட்டோடு போகும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனால் பல நேரம் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமலே வழி தெரிந்துவிடும். துருப்பிடித்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்துங்கள். உள்ளே போனால் அங்கே வெல்டிங் வேலை தேவை. எந்தப் பூச்சும் அதை மறைக்கத்தான் செய்யும்.

தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது

உள்ளே எல்லாம் துடைத்துக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களுக்குக் கீழே டால்கம் பவுடரைத் தூவுங்கள், அல்லது பழைய செய்தித்தாளை விரியுங்கள். ஒரே ஒரு சொட்டு வந்தாலும் பவுடரில் கோடு விழும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே ஓஸ் பைப்போடு.

பைப்பில் துப்பாக்கி மாட்டாதீர்கள். சர்வீஸ் செய்யும் இடத்தில் உள்ள உயர் அழுத்தப் பம்பும் வேண்டாம். அது நல்ல ரப்பரையும் தூக்கிவிட்டுத் தண்ணீரை உள்ளே தள்ளும், இல்லாத ஒழுகலைக் காட்டும். மழை வழிவது மாதிரி சாதாரணமாக வழியட்டும்.

கீழிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். முதலில் கதவின் அடிப்பாகம், அடுத்தது கதவுக் கண்ணாடி ஓரம், வைப்பர் பள்ளம், முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்க விளிம்பு, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் 5 முதல் 10 நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் ஓடி எது குற்றவாளி என்றே தெரியாது. இந்த வேலைக்குப் பொறுமை மட்டும்தான் மூலதனம். ஒரு இடத்தில் 1 நிமிடம் ஊற்றிவிட்டு "இங்கே இல்லை" என்று நகர்ந்தால், உட்பக்க லைனிங் துணிக்குப் பின்னால் நிதானமாக ஊறி இறங்கும் தண்ணீர், நீங்கள் அடுத்த இடத்தில் ஊற்றும்போது எட்டிப் பார்க்கும். பழி தப்பான இடத்தின் மேல் விழும்.

தண்ணீர் ஊற்றியும் பிடிபடாவிட்டால் காற்றை வைத்துப் பிடிக்கலாம். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து, ஏசி ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுங்கள். டிக்கியின் பக்கச் சுவரிலோ பின் பம்பருக்குப் பின்னாலோ காற்று வெளியேறும் மடிப்புகள் இருக்கும். அவற்றைத் தற்காலிகமாக டேப் ஒட்டி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும். இப்போது வெளியே கண்ணாடி விளிம்பு, கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர், கூரை இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே செய்யுங்கள். எங்கே குமிழி விடுகிறதோ அங்கே சந்து இருக்கிறது. சோதனை முடிந்ததும் டேப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

வைப்பர் பள்ளமும் ஃபயர்வாலும்

மரத்தடியில் நிற்கும் காராக இருந்தால் நான் இங்கேதான் முதலில் கை வைப்பேன். பானெட்டைத் திறந்து, வைப்பர் கைகளைக் கழற்றி, அந்தப் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் உள்ளே சருகும் மண்ணும் மக்கிப்போய்க் கிடக்கும். கையால் அள்ளி எடுங்கள். தண்ணீர் விட்டுத் தள்ளினால் அத்தனையும் துளைக்குள் போய் இறுகிவிடும். அள்ளிய பிறகு இரண்டு மூலைகளிலும் உள்ள வடிகால்களில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழ வேண்டும். தேங்கி நின்றால் அடைப்பு இன்னும் இருக்கிறது. இந்தப் பள்ளம் நிரம்பினால் தண்ணீர் ஏசி காற்று உள்ளே போகும் வாயில் ஏறி, நேராக ஃபேன் மோட்டாருக்கு மேல் விழும். ஃபேன் போட்டால் குடுகுடுவென்று சத்தம் வரும் கார்களில் இதைப் பார்க்காமல் மோட்டார் மாற்றக் கூடாது.

அங்கேயே ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில், வயர்க் கொத்து உள்ளே நுழையும் துளையில் இருக்கும் குரோமெட் என்ற ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பழைய ரப்பர் வெடித்திருக்கலாம். அதைவிட அதிகமாக நான் பார்ப்பது, ஆம்ப்ளிஃபையருக்கோ ஃபாக் லைட்டுக்கோ வயர் இழுத்தவர்கள் குரோமெட்டை பிளேடால் கீறிவிட்டு அப்படியே போயிருப்பது. வயர் தண்ணீருக்கு ஒரு பாதை. வெளியே வயர்மேல் விழும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து, ஃப்யூஸ் பாக்ஸில் போய் நிற்கும். குரோமெட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கீறலை பியூட்டைல் என்ற பிசுபிசுப்பான ரப்பர் டேப்பால் நன்றாக அழுத்தி மூடுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: வயர் நுழையும் இடத்துக்கு முன்னால் அதைக் கொஞ்சம் கீழே தொங்கும்படி விடுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், மேலே ஏறி உள்ளே வராது. செலவே இல்லாத இந்த ஒரு வளைவு பல ஃப்யூஸ் பாக்ஸ்களைக் காப்பாற்றும்.

கதவு

கதவின் பீடிங் ரப்பரை எல்லோரும் பார்ப்பார்கள். கதவு அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளை யாரும் நினைப்பதில்லை. கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அறைப் பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாற்றியவரோ கண்ணாடி மோட்டார் சரிசெய்தவரோ அதைக் கிழித்திருப்பார், அல்லது பசை காய்ந்து அதுவாகவே தொங்கிக்கொண்டிருக்கும். அறிகுறி என்னவென்றால், பீடிங் ரப்பர் நன்றாக இருக்கும், ஆனால் கதவு அட்டையின் அடி விளிம்பு ஈரமாகவும் கதவோரக் கார்பெட் நனைந்தும் இருக்கும்.

முதலில் கதவின் அடி விளிம்பில் உள்ள வடிதுளைகளை வயர் கட்டும் பிளாஸ்டிக் டை நுனியால் குத்திவிடுங்கள். டிங்கரிங் பெயின்டிங் முடித்து வந்த கார்களில் பெயின்டே அவற்றை மூடியிருக்கும். அப்புறம் கதவு அட்டை. கைப்பிடிக்குப் பின்னாலும் கை வைக்கும் இடத்திலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்; அவற்றை எடுத்த பிறகே ஓரத்து கிளிப்புகளைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்கள். கையால் சுற்றும் கண்ணாடிக் கைப்பிடி என்றால், அதற்குப் பின்னால் ஒரு துணியை நுழைத்து இரண்டு பக்கமும் இழுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிளிப் தெறித்து வரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தாள் கிழிந்திருந்தால் அதையே அளவாக வைத்து, தடித்த பாலித்தீன் தாளில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்ட பியூட்டைல் கயிறு நல்லது. அது காய்ந்து இறுகாது, மறுபடி திறந்தாலும் திரும்ப ஒட்டும். தகட்டில் மிச்சமிருக்கும் பழைய பியூட்டைலை, அதையே உருட்டிய ஒரு உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். ஒட்டும்போது மிக முக்கியமானது தாளின் அடி விளிம்பு. பல கார்களில் உள்தகட்டில் கீழே ஒரு நீளமான பிளவு இருக்கும். தாளின் நுனி அந்தப் பிளவுக்குள் நுழைந்து கதவின் உள்பக்கம் தொங்க வேண்டும். தாளில் வழியும் தண்ணீர் அப்போதுதான் கதவுக்குள் விழுந்து வடிதுளை வழியே போகும். அடி நுனியை வெளியே விட்டு ஒட்டினால் புதுத்தாள் போட்டும் பயனில்லை.

பீடிங் ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிப்பு இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் தட்டையாகியிருக்கிறது, அல்லது கதவு கீல் தொய்ந்து கதவே இறங்கியிருக்கிறது. கதவு இறங்கியிருந்தால் புது பீடிங் வாங்கியும் ஒழுகும், கீலைச் சரிசெய்ய வேண்டும். நல்ல ரப்பரைத் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ், எஞ்சின் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

சன்ரூஃப், கூரை, டிக்கி

சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளில் வடிகுழாய் வாய் இருக்கும், பெரும்பாலும் நான்கு. முன் குழாய்கள் முன்கண்ணாடி ஓரத் தூண் வழியாகவும், பின் குழாய்கள் பின் தூண் வழியாகவும் இறங்கும். மூலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது வண்டிக்கு வெளியே வருகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் புல்வெட்டியில் போடும் நைலான் நூலை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள்; பழைய குழாய் உள்ளே கழன்றுவிட்டால் லைனிங்கை இறக்கித்தான் மாட்ட முடியும்.

கூரை லைனிங்கில் பழுப்பு வளையம் தெரிந்தால் ஆன்டெனா அடிப்பாகம், கேரியர் போல்ட், கூரையின் நீளப் பள்ளத்தில் வெடித்த சீலன்ட் மூன்றையும் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி குழி நிரம்பினால் முதல் சந்தேகம் பின்விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட், அடுத்தது கீல் அருகே உள்ள இணைப்பு. உள்ளே இருந்து பார்க்கப் பின்சீட்டை மடித்துப் பாருங்கள். யாரையும் டிக்கிக்குள் வைத்து மூட வேண்டாம்.

எதை எங்கே பூசுவது

முன்கண்ணாடி இரண்டு விதம். தடித்த ரப்பர் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய வகையில், ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே தானாக ஊறி இறங்கும் மெல்லிய கண்ணாடி சீலன்ட் வேலை செய்யும். தகட்டில் ஒட்டிய வகைக்கு யூரித்தேன் பசை. குளியலறைக்கு வாங்கும், வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானை எங்கேயும் போடாதீர்கள். காயும்போது அது விடும் அசெட்டிக் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். சிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு யூரித்தேனும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. ஒட்டிய கண்ணாடியின் விளிம்புக்கு அடியில் துரு இருந்தால் வெளியே பூசிப் பயனில்லை. கண்ணாடியை எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, திரும்ப ஒட்ட வேண்டும். விபத்தில் உடல் உறுதிக்கும் அந்தக் கண்ணாடி தேவைப்படுவதால் அதைக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். தகடு இணைப்புகளுக்கு, பழசைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெயின்ட் ஏற்கும் சீம் சீலர். பின்விளக்குக்குப் புது கேஸ்கெட் அல்லது பியூட்டைல். பூசும் இடம் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், வெளிப்பக்கத்திலிருந்து பூச வேண்டும். உட்பக்கம் பூசினால் தண்ணீர் தகடுகளுக்கு நடுவே சிக்கி, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும்.

திரும்ப மாட்டுவதற்கு முன்

நனைந்த கனெக்டர் ஒவ்வொன்றையும் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, கொஞ்சம் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் வையுங்கள். பச்சை பூத்த முனையைத் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம். வயரின் உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, அங்கிருந்து புது வயர் இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு மூடுங்கள். தரையின் ரப்பர் அடைப்பான்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், தண்ணீரை வடிக்கக் கழற்றியவர்கள் மாட்ட மறப்பது வழக்கம்.

கார்பெட்டை உடனே போடாதீர்கள். வெறும் தகட்டோடு ஒரு நல்ல மழையைத் தாங்கவிடுங்கள், மழை இல்லாவிட்டால் அதே ஓஸ் பைப் சோதனையை முழுக்க மறுபடி செய்யுங்கள். ஒரே காரில் இரண்டு ஒழுகல் இருப்பது சாதாரணம். பெரியதை அடைத்த பிறகுதான் சின்னது தெரியும். தகடு காய்ந்தே இருந்தால் கார்பெட்டை விரித்து, சீட்டை மாட்டி, மஞ்சள் கனெக்டரைச் செருகி, கடைசியாக பேட்டரியை மாட்டுங்கள்.